மாடியில் வைன் வடித்த மாலை

டிசம்பர், மூன்றாம் ஞாயிறு.

போன மாதம் மூன்று வீட்டுக்காரர்களும் கம்பத்துப் பன்னீர் திராட்சையை, சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் சேர்த்து, ஆளுக்கொரு ஜாடியில் ஊறப்போட்டிருந்தோம். இன்று சாயங்காலம் எங்கள் மாடியில் வடித்து ருசி பார்த்தோம். நல்ல பனி.

“ஒங்களது புளிச்சுப்போச்சுண்ணே. ஈரக் கரண்டிய விட்டிருப்பீக,” என்றாள் பக்கத்து வீட்டு மேரி அக்கா.

“கோதுமை கூடிப்போச்சு. அடுத்த வருசம் பாரு,” என்றார் எதிர்வீட்டு சார்லஸ் அண்ணன்.

“போன வருசமும் இதையேதான் சொன்னீக.”

சிரித்தோம். அக்கா எல்லோருக்கும் வைன் ஊற்றினாள். எனக்கு மட்டும் தனியாகத் திராட்சைச் சாறு கொண்டுவந்திருந்தாள்.

“ஒனக்கு இதான் ஆத்தா. வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு வைனத் தொடக் கூடாது. அடுத்த கிறிஸ்மஸுக்கு ஒன் மடியில ஒக்காந்து எங்கள வேடிக்க பாக்கும்.”

செவ்வாய்க்கிழமை கரு கலைந்துவிட்டது. இன்று சொல்லிவிடலாம் என்றுதான் நானும் என் கணவன் கதிரும் மேலே போனோம். கதிர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாற்றைக் கீழே வைத்தேன். அவன் கையிலிருந்த வைனை வாங்கிக் குடித்தேன்.

அக்கா தடுக்கக் கை நீட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நீட்டிய கையை என் தோளில் வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து, கோதுமையைக் குறைத்திருக்கலாம் என்றார் அண்ணன். ஆமாம் என்றோம்.

கதிர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். தூங்குகிறவன் மாதிரி மூச்சுவிடுகிறான். விளக்கை அணைத்தால்தான் அழுவான். அவனுக்காகவாவது அணைக்க வேண்டும்.