சிரட்டைக் கரியும் நீ கேட்ட மன்னிப்பும்

ஸ்ரீவராகம்,
வியாழக்கிழமை, மெயிலில்

சிரஞ்சீவி கிரிஷுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நான் செய்யாத தப்புக்கு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் சார்பில் கல்யாண மண்டபக் கமிட்டிக்கு நீ மன்னிப்புக் கடிதம் அனுப்பியிருக்கிறாய். மற்றபடி இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். ஹாம்பர்க்கில் குளிர் குறைந்ததா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் இல்லை, அது எனக்கு எழுதினது அல்லவே. செயலாளர் அனந்தபத்மநாபன் அதைக் கூட்டத்தில் நின்றுகொண்டு வாசித்தார். 'அம்மாவுக்கு வயதாகிவிட்டது, ஆர்வத்தில் செய்துவிட்டாள்' என்ற வரியை மட்டும் இரண்டு தடவை. மைக் சரியில்லையாம்.

மண்டபத்துச் சமையல் கழிவிலிருந்து வரும் வாயுவை, கல்லூரிக்காரர்கள் சோதனைக்காக வைத்த எரிபொருள் மின்கலத்துக்குக் கொடுத்து விளக்கு எரிக்கிறோம் என்பது உனக்குத் தெரியும். வாயு கொஞ்சம் அழுக்காக இருந்தாலும் அடுப்பில் சாம்பார் கொதிக்கும். மின்கலம் சம்பந்தி வீட்டார் மாதிரி, துளி குறை இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் புத்தகம் பார்த்து, துருப்பிடித்த இரும்புச் சீவல் டப்பா ஒன்றைக் குழாயில் வைத்தேன். அழுகின முட்டை நாற்றத்துக்குக் காரணமான கந்தகத்தை அது பிடித்துக்கொண்டது. பிறகு கழிவு ஊறுகிற தொட்டிக்குத் தண்ணீர் போதவில்லை என்று குளியலறைச் சாக்கடையையும் அதில் சேர்த்தார்கள். ஷாம்புவிலும் தலைக்குப் பூசும் சீரத்திலும் இருக்கிற சிலிக்கான் ஆவியாகி வாயுவோடு வரும், மின்கலத்தின் சூட்டில் மணலாகிப் படியும் என்று சொல்லி, அன்றைக்கே இரண்டாவது டப்பாவில் பதப்படுத்திய தேங்காய்ச் சிரட்டைக் கரி வைத்தேன். ஒரு வருஷம் ஒரு குறையும் இல்லை.

நம் தெருவில் நெய்யோ பாலோ மூக்கு சொன்னால்தான் தீர்ப்பு. ஓணத்துக்கு மின்கலம் இருக்கிற கொட்டகையைச் சுத்தம் பண்ணியபோது அனந்தபத்மநாபன் குழாயருகே குனிந்து மோந்து பார்த்து, "மாமி, நாத்தம்தான் போயாச்சே, பின்னே இந்தக் கரி டப்பா எதுக்காக்கும்" என்று கேட்டார். நாற்றமில்லாத அழுக்கும் உண்டு என்றேன். "அப்போ அது அழுக்கில்லே மாமி" என்று சிரித்துக்கொண்டே கழற்றிவிட்டார். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் நாற்பது பெண்கள் தலைக்குக் குளித்தார்கள். நான்காவது கல்யாணத்தில் கெட்டிமேளத்துக்குக் கை ஓங்கின நேரத்தில் விளக்கு போயிற்று. மின்கலத்தைத் திறந்தால் உள்ளே வெள்ளைப் பொடி. மாமியின் துரு பறந்து உள்ளே போய்விட்டது என்று தீர்மானித்துவிட்டார்கள். துரு எந்த ஊரில் வெள்ளை? எட்டு வருஷமாக ரசாயன ஆலையில் வேலை பார்க்கிற நீயாவது கேட்டிருக்கலாம். அப்பா விட்டுத்தள்ளு என்கிறார். அவருக்குச் சாயங்காலம் சீட்டாட அனந்தபத்மநாபன் வேண்டும்.

கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற சுப்ரியா அந்தப் பொடியை எடுத்துப்போய்ப் பரிசோதித்து, "மாமி சொன்னதாக்கும் சரி, மணலேதான்" என்று போனில் சொன்னாள். கமிட்டிக்குப் போனில் சொன்னது செல்லாது, நீ மன்னிப்புக் கேட்டது செல்லும். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மின்கலத்தைத் திருப்பி அனுப்பவும், என்னைக் கொட்டகைக்குள் விடாமலிருக்கவும் தீர்மானம் போடப்போகிறார்கள்.

நீ நன்றாக இரு, தீர்க்காயுசாக இரு, அதில் எனக்கு மாற்றமில்லை. மறக்காமல் சனிக்கிழமைக்குள் நீ அந்த மன்னிப்பைத் திரும்பப் பெற்று எழுத வேண்டும். சுப்ரியா பரிசோதனை முடிவைக் காகிதத்தில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அனந்தபத்மநாபன் அதை வாசிக்க வேண்டும், ஒரு தடவை போதும், கரி டப்பாவைக் கழற்றின கையாலேயே திரும்ப மாட்ட வேண்டும். புதுக் கரி வாங்கி வைத்திருக்கிறேன். கொட்டகைச் சாவியை அவரிடமிருந்து அப்பாதான் கேட்டு வாங்க வேண்டும், நான் அந்த மனிதரோடு பேசுவதில்லை.

இப்படிக்கு,
அம்மா ஜெயலக்ஷ்மி