என் எண்ணில் ஓடியவன்

05-01-2025, ஞாயிறு
புது ஆற்றில் நாலே கால் அடி. ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. முப்பத்தொரு வருஷம் லஸ்கராகக் கரையில் நடந்து மதகைத் திறந்து மூடியவனுக்குத் தண்ணீர் அளவை எழுதாமல் தேதியை மட்டும் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

மாத ஓட்டம், பத்து கிலோமீட்டர். ஒரு மணி பதினெட்டு நிமிஷம். ஏழாவது கிலோமீட்டரில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கரையோரம் உட்கார்ந்தேன். என்னோடு ஓடுகிற ஹாஜா மைதீனும் கூடவே உட்கார்ந்தான், நான் எழுந்தபோது எழுந்தான். தனியாக ஓடியிருந்தால் ஒரு மணிக்குள் முடித்திருப்பான். வீட்டுக்காரி தங்கமணியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஷூவைத் தூக்கி ஆற்றில் போட்டுவிடுவாள். சொன்னதைச் செய்கிற பெண்பிள்ளை.

இது இருபதாவது. இருபத்துநாலு மாதம் ஒன்றுகூட விடாமல் ஓடி முடித்தவர்களின் பெயரை எங்கள் ஓட்டச் சங்கத்தில் பலகையில் எழுதுவார்கள். அறுபதைத் தாண்டிய ஒருவர் பெயரும் இதுவரை அதில் இல்லை. மே மாதத்தோடு எனக்கு நிறைந்துவிடும். நெஞ்சுக்குழாயில் ஒரு ஸ்டென்ட், பத்து வருஷச் சர்க்கரை, வலது முழங்கால் தேய்மானம், எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு. பெருமைதான். எதற்கு மறைக்க வேண்டும்?

29-01-2025, புதன்
மேட்டூரை நேற்று மூடிவிட்டார்கள். மூன்றடி. இனி இறங்கும்.

02-02-2025, ஞாயிறு
ஒன்றரை அடி. இருபத்தொன்று முடிந்தது. முழங்கால் வீங்கியிருக்கிறது. தங்கமணி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே திட்டினாள். திட்டு ஒரு பக்கம், ஒத்தடம் ஒரு பக்கம்.

02-03-2025, ஞாயிறு
ஆறு வறண்டுவிட்டது. இருபத்திரண்டு. இன்று தனியாக ஓடினேன். ஹாஜாவுக்கு நோன்பு தொடங்கிவிட்டது. நோன்பு மாதத்தில் அவன் ஓடுவதில்லை. அதனால் வருஷா வருஷம் அவன் கணக்கு அறுந்துபோகும். அவனுக்கு அதில் வருத்தமே கிடையாது. பலகையெல்லாம் உங்களுக்குத்தான்ணே என்பான்.

அவனை எனக்குத் தெரிந்ததே ஷூவால்தான். தோஹாவில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்து கீழவாசலில் செருப்புக் கடை வைத்தான். ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் நடக்கச் சொன்னார் என்று நடக்கிற ஷூ கேட்டுப் போனேன். என் காலைப் பார்த்துவிட்டு, இது ஓடுற கால் என்றான். வியாபாரப் பேச்சுதான். ஆனால் மறுநாள் விடியற்காலையில் கரையில் வந்து நின்றான்.

ஒன்பதாவது கிலோமீட்டரில் இடது தோளில் வலி. எழுதி வைக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

14-03-2025, வெள்ளி
மருத்துவமனையிலிருந்து வந்தாயிற்று. இரண்டாவது ஸ்டென்ட். மூன்று மாதம் ஓடக் கூடாது. அதன்பிறகும் பார்த்துத்தான் சொல்வாராம். ஏப்ரல், மே — இரண்டே இரண்டு. டாக்டரிடம் மெதுவாக நடந்து முடிக்கலாமா என்று கேட்டேன். அவர் தங்கமணியைப் பார்த்தார். தங்கமணி என்னைப் பார்க்கவே இல்லை.

01-04-2025, செவ்வாய்
நேற்று பெருநாள். ஹாஜாவின் மனைவி ஹலீமா வழக்கம்போலத் தூக்கில் பிரியாணி கொடுத்தனுப்பினார்.

இன்று கடைக்குப் போய் ஹாஜாவிடம் கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என் எண் போட்ட பிப்பை நெஞ்சில் குத்திக்கொண்டு என் பெயரில் ஓடிவிடச் சொன்னேன். செய்யாத காரியமா? ஊருக்குப் போனவனுக்காக, காய்ச்சலில் கிடப்பவனுக்காக, சங்கத்தில் ஒருவர் எண்ணை ஒருவர் குத்திக்கொண்டு ஓடுவது சகஜம். யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

ஒரு மாசமா ஓடவே இல்லையேண்ணே என்றான். எனக்கு வேண்டியதென்றால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காரத் தெரியும். தங்கமணி கண்டுபிடித்த குணம். டீ வந்தது. அவன் இப்ப வேணாம் என்று என் பக்கம் தள்ளினான். கடைசியில், “சரி, கொடுங்க. பொடி நடையா ஓடி முடிச்சிடுறேன்” என்றான். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. நான் கேட்கவில்லை.

06-04-2025, ஞாயிறு
ஹாஜா போய்விட்டான்.

07-04-2025, திங்கள்
எழுதித்தான் ஆக வேண்டும். வேறு எங்கே போய்ச் சொல்வேன்.

நேற்றுக் காலை உழவர் சந்தைக்குப் போவதாகத் தங்கமணியிடம் சொல்லிவிட்டுப் போனேன். ஆறாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசை. அங்கே நின்றுகொண்டேன். வெயில் ஏறிவிட்டது. அவன் வந்தான், நெஞ்சில் 417. என் எண். சிரித்தான். டம்ளரை நீட்டினேன். தலையை ஆட்டி, அப்பறம் அப்பறம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனான். உதடு வெளுத்திருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு நேரம் என்ன ஆகிறது என்று கடிகாரத்தைத்தான் பார்த்தேன். ஒரு மணி இருபதுக்குள் வந்தால் நல்லது, என் பெயருக்கு அழகாக இருக்கும் என்று நினைத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஓட்டம் முடிகிற இடத்துக்குக் குறுக்கு வழியில் போய் நின்றேன். மைக்கில் “417, பஞ்சநதம் குடும்பத்தார் யாராவது இருந்தா வாங்க” என்று கூப்பிட்டார்கள். என்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று நின்றேன். இங்கேதானே இருக்கிறேன். அப்புறம்தான் புரிந்தது.

எட்டாவது கிலோமீட்டர் கல்லுக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்திருக்கிறான். பிப்பின் பின்பக்கம் பெயர், ரத்த வகை, அவசரத்துக்கு ஒரு போன் நம்பர். எல்லாம் என் கையெழுத்து. நம்பர் தங்கமணியுடையது. உங்க வீட்டுக்காரர் விழுந்துட்டார்னு அவளுக்குத்தான் போன் போயிருக்கிறது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். போய்ப் பார்த்தால் ஹாஜா.

காலை ஏழே முக்கால் மணி வரை உயிர் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஹலீமாவுக்கு நான் சொன்னபோது மணி எட்டரை. அவர்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். பத்தே நிமிஷம்டா பஞ்சநதம். அவன் வீட்டு நம்பரை எழுதியிருந்தா அந்தப் பொம்பள வந்து முகத்தப் பாத்திருக்கும்.

நேற்று மாலையே அஸர் தொழுகையோடு அடக்கம் முடிந்தது. அவன் மகள் தஹ்மீனா வாசலில் என்னிடம் சொன்னாள்: “அத்தா ஆறு நோன்பு வச்சிருந்தாங்க மாமா. நேத்து ஆறாவது நோன்பு.” பெருநாளுக்குப் பிறகு ஆறு நாள் வைக்கிற நோன்பு. கட்டாயமில்லை, விரும்பினால் வைப்பார்கள். அன்று டீயைத் தள்ளியது அதனால்தான். தண்ணீரை வேண்டாம் என்றதும் அதனால்தான். ஏண்டா சொல்லல? சொல்லியிருந்தா விட்டிருப்பேனா? தெரியல. விட்டிருப்பேன்னு அடிச்சுச் சொல்ல முடியல.

உடம்பில் தண்ணீர் வற்றி நெஞ்சு நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். நான் டம்ளரை நீட்டியதையும் அவன் மறுத்ததையும் யாரிடமும் சொல்லவில்லை. அவர்களுக்கு இதுவும் வேண்டுமா.

09-04-2025, புதன்
ஹலீமாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போனேன். தஹ்மீனா வாசலிலேயே நிறுத்தினாள், மரியாதையாகத்தான். அம்மா இத்தாவில் இருக்கிறார்கள், நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்களைப் பார்ப்பதில்லை, பிறகு வாருங்கள் என்றாள். அத்தனை நாள் இதை வயிற்றில் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டும்.

20-04-2025, ஞாயிறு
தங்கமணி பதினாலு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. இன்று அரிசி களைந்துகொண்டே, திரும்பாமல் சொன்னாள். “துணிய வெலக்கிக் காட்டுனாங்க. நீங்க இல்லன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. அதுக்கப்புறந்தான் அது ஹாஜா தம்பின்னு மனசுல ஏறுச்சு. அந்த அப்பாடாவுக்கு நான் எந்தக் கோயில்ல போய் விழுறது?” அவள் களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள்.

04-05-2025, ஞாயிறு
இருபத்துநாலாவது இன்று. வீட்டில் இருந்தேன்.

11-05-2025, ஞாயிறு
முந்தாநாள் தஹ்மீனா போன் செய்தாள். ஏப்ரல் ஓட்டத்தின் முடிவுகளில் அத்தா பெயரைத் தேடியிருக்கிறாள். எங்கேயும் இல்லை. ‘417, பஞ்சநதம், முடிக்கவில்லை’ என்றுதான் இருக்கிறதாம். ஓடினவன் செத்தான், ஓடாத என் பெயர் நிற்கிறது. அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சங்கத்திலிருந்து சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டார்கள். நான் எழுத்தில் கொடுத்தால் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். அதன்பிறகு ஓட்டம் கிடையாது. கொடுக்காவிட்டால் ஜூலையில் டாக்டர் விட்டால் ஓடலாம். வெட்கம் கெட்ட மனசு, அதையும் எண்ணிப் பார்த்தது. இரண்டு நாள் எண்ணிப் பார்த்தது.

13-05-2025, செவ்வாய்
எழுதிக் கொடுத்துவிட்டேன்.

02-06-2025, திங்கள்
பதில் வந்துவிட்டது. என் இருபத்திரண்டு ஓட்டமும் ரத்து. இனி சங்கத்தின் எந்த ஓட்டத்திலும் சேர்ப்பதில்லை. 417-க்கு நேரே பெயரை மாற்றிவிட்டார்கள். தங்கமணி வாசித்துவிட்டு, சாப்பிட வாங்க என்றாள்.

17-06-2025, செவ்வாய்
கல்லணை திறந்து இரண்டு நாள். இன்று விடியற்காலையில் தண்ணீர் வந்தது. அரையடி, குப்பையும் நுரையுமாக. ஒவ்வொரு வருஷமும் ஹாஜாவும் நானும் அதற்கு முன்னால் ஓடிப் பார்ப்போம், யார் முந்துவது என்று. இன்று நின்று பார்த்தேன். அது பாட்டுக்குப் போயிற்று.

12-08-2025, செவ்வாய்
நாலடி. இத்தா நேற்றோடு முடிந்தது. தஹ்மீனா கூப்பிட்டாள். தங்கமணியும் வந்தாள்.

ஹலீமா ரொம்ப மெலிந்துவிட்டார். நான் கொண்டுபோன தாளை நீட்டினேன். ‘417, ஹாஜா மைதீன், வயது 59, ஏழே முக்கால் கிலோமீட்டர்.’ விரலை வைத்து அந்தப் பெயரை வாசித்தார். மன்னிப்புக் கேட்க நாலு மாதமாக மனசுக்குள் எழுதி வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. தங்கமணி என் முதுகைத் தட்டினாள்.

ஹலீமாதான் கேட்டார். “நீங்க வழியில நின்னீங்கன்னு சங்கத்துக்காரங்க சொன்னாங்க. அவருக்குத் தண்ணி குடுத்தீங்களா அண்ணே?”

இதைத்தான் ஒளித்து வைத்திருந்தேன். இனி ஒளிக்க முடியாது என்று சொன்னேன். ஆறாவது கிலோமீட்டரில் நீட்டினேன், வாங்கவில்லை, அப்பறம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனான், உதடு வெளுத்திருந்தது, நான் வற்புறுத்தவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“நெசமா வாங்கலையா?”

“வாங்கலம்மா.”

“ஒரு வாய்கூட?”

“ஒரு வாய்கூட இல்ல.”

“அப்போ நோன்போடதான் போயிருக்காரு” என்றார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நோன்பு முறிந்துவிட்டதா இல்லையா என்று நாலு மாதமாகத் தெரியாமல் தவித்திருக்கிறார். கேட்க ஆளில்லை. தெரிந்த ஒரே ஆள் நான். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கடைசி வரை கேட்கவில்லை. கிளம்பும்போது தங்கமணியிடம் மட்டும், அண்ணன் மாத்திரைய ஒழுங்கா போடுறாரா என்று கேட்டார்.

17-08-2025, ஞாயிறு
நாலரை அடி. காலையில் கரைக்குக் கிளம்பினேன். எங்க போறீங்க என்று தங்கமணி கேட்டாள். எட்டாவது கல் வரைக்கும் நடக்கப் போகிறேன் என்றேன். பொய் சொல்லவில்லை. அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நான் ஓடிய இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் வந்ததில்லை. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். கோரைப்புல்தான் இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு கல்லிலும் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். தாகமில்லை. ஒவ்வொரு முறையும் வாங்கிக் குடித்தேன்.