பேச்சு போன பிறகு மிஞ்சிய பிரெஞ்சு

இன்று காலை சளிக்காக யூகலிப்டஸ் தைல பாட்டிலைத் திறந்தேன். மூடியைத் திருகியதும் உங்கள் வலது கைதான் நினைவுக்கு வந்தது. விளங்காமல் போன அந்தக் கையில் காலையும் மாலையும் நான் தேய்த்த தைலம். தேய்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அப்போதே தெரியும். தெரிந்துதான் தேய்த்தேன்.

நான் பள்ளங்கியில் பூண்டுக் காட்டில் வளர்ந்தவள். நீங்கள் கொடைக்கானலில் பிரெஞ்சு வாத்தியார். கல்யாணமான புதிதில், ட்யூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்காக மேசையைத் தட்டித் தட்டி ஒரே வினைச்சொல்லை உருட்டிக்கொண்டிருப்பீர்கள். ஜெ பார்ல், தூ பார்ல், நூ பார்லோன், வூ பார்லே. பார்ல் என்றால் ஒரு தட்டு, பார்-லோன் என்றால் இரண்டு. எழுதிப்போட்டதை எட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேன்: "ஏங்க, இத்தனை எழுத்தை எழுதிப்புட்டுப் பாதியத்தான் சொல்லுவீங்களா? மிச்சத்தை எதுக்கு எழுதணும்?"

சிரித்தீர்கள். "அது அப்படித்தான். தலை அப்படியே கெடக்கும், வாலு மட்டும் மாறும். நம்ம பேசுறேன், பேசுறே மாதிரி."

பக்கவாதம் வந்து பேச்சு போனபோது, மனப்பாடமாக இருந்ததைச் சொல்ல வைத்துப் பாருங்கள், சிலருக்கு அது மட்டும் வரும் என்றார் மதுரை டாக்டர். ஒன்று இரண்டு சொல்லச் சொன்னேன். வரவில்லை. முருகனைக் கூப்பிடச் சொன்னேன். வரவில்லை. என் பெயரைக் கேட்டேன். எச்சில்தான் வழிந்தது. ஆத்திரம் தாங்காமல் கட்டில் சட்டத்தில் ஓங்கித் தட்டினேன். "ஜெ பார்ல்" என்றீர்கள். பிறகு மற்றதெல்லாம் வரிசையாக, பிசிறில்லாமல்.

"பெனாத்துறாரு மதினி" என்றார் உங்கள் தம்பி.

பார்ல் என்றால் பேசு. பேச்சே போன மனிதருக்குப் பேசு என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்த கடவுளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என் பெயர் வராமல் அது வந்ததில் உங்கள் மேலும் கோபம்தான்.

ஆனாலும் அதை வைத்துத்தான் குடித்தனம் நடத்தினோம். ஜெ பார்ல் என்று இழுத்தால் தண்ணீர். நூ பார்லோன் என்றால் வெயிலில் நாற்காலி போட வேண்டும். குரல் உடைந்து தூ பார்ல் என்றால் எங்கோ வலிக்கிறது. நான் கடைக்குக் கிளம்பினால் வூ பார்லே. போகாதே என்று அர்த்தம். "வெரசா வந்துருவேங்க" என்றாலும் விடமாட்டீர்கள். "சோலி கெடக்குங்க எனக்கு" என்று கத்திவிட்டுப் போன நாளும் உண்டு. திரும்பி வரும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் தூ பார்ல், தூ பார்ல் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். ஆம்புலன்ஸ் வத்தலக்குண்டு ரோட்டில் இறங்கியது. கூட வந்த நர்ஸ் பெண், "இவருக்குப் பேச்சு வராதாம்மா?" என்றாள்.

"வரும்" என்றேன். "வலி கூடிக்கிட்டே போகுதுன்னு சொல்றாரு."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வளைவுக்கு வளைவு எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி, "நீங்க முன்னாடி போய் உக்காருங்கம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றாள். எழுந்தேன். வூ பார்லே என்றீர்கள். மெல்லத்தான் சொன்னீர்கள். உட்கார்ந்துவிட்டேன். உங்கள் நல்ல கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பாதி மலைகூட இறங்கியிருக்க மாட்டோம், பிடி தளர்ந்துவிட்டது.

கடைசியாக என்ன சொன்னார் என்று உங்கள் தம்பி கேட்டார். "என்னமோ பிரெஞ்சு" என்றேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் இன்றும் அதே பதில்தான். அகராதியைப் புரட்டினால் நீங்கள் பேசுகிறீர்கள் என்றுதான் போட்டிருக்கும். அதற்கு வேறு அர்த்தம் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். இப்போது நான் ஒருத்திதான்.

போகாதே என்றீர்கள். நான் போகவில்லை. பக்கத்திலேயேதான் இருந்தேன். நீங்கள்தான் போனீர்கள்.