சென்னை என்று காட்டிய போன்

செவ்வாய், பௌர்ணமிக்கு மறுநாள்

நேற்று மாலை இவர் கிரிவலம் போயிருந்தார். இவருடைய மின்னஞ்சல் கணக்கில் யாரோ புது போனிலிருந்து நுழைந்ததாக எனக்கு எச்சரிக்கை வந்தது; மாற்று முகவரி என்னுடையது. இடம் சென்னை என்றிருந்தது. கல்யாணத்துக்கு முன் இவர் விரும்பிய சுதா இருக்கும் ஊர்.

இரவெல்லாம் பொறுத்து, காலையில் கேட்டேன்.

"கிரிவலம் போற வழில, அடி அண்ணாமலைல டீ குடிச்சிக்கினே புது போன்ல லாகின் பண்ணேன். நம்ம ஊரு நெட்டு சென்னைனுதான் காட்டும். நீயே போட்டுப் பாரு," என்று சிரித்தார். "என்னைவிட உனக்குத்தான் சுதா ஞாபகம் ஜாஸ்தி."

வீட்டிலிருந்தே என் கணக்கில் நுழைந்து பார்த்தேன். எனக்கும் சென்னை என்றே வந்தது. இவர் பொய் சொல்லவில்லை.

ஆனால், என்றாவது நிஜமாகவே சென்னையில் இருந்தாலும் இதே வரிதான் வரும். அன்றைக்கும் நான் நம்பிவிடுவேன்.