அண்ணாச்சியின் கருடன்

அம்மாவுக்கு வெள்ளத்துரை வணங்கி எழுதுவது. நான் சுகம். உன் கால்வலி தேவலையா?

துறைமுகக் கிட்டங்கியில் வேலைக்குக் குறையில்லை. வீட்டுக்கார அண்ணாச்சிதான் என்னைக் கோழிக்கள்ளன் ஆக்கிவிட்டார். புறவாசல் முருங்கையில் வந்து உட்காரும் பறவையைக் கருடன் என்று தினமும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். கருடனுக்குத் தலையும் நெஞ்சும் வெள்ளை, இதற்கு நெஞ்செல்லாம் வரி. இது வல்லூறு, காணாமல் போன மூன்று குஞ்சையும் இதுதான் தூக்கியது என்றேன்.

"சாமி திருடுமாலே?" என்று சீறினார்.

நேற்று அவர் கண்ணெதிரே அது நாலாவது குஞ்சைத் தூக்கியது. அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இது சாமி எடுத்தது. முந்தின மூணும் உன் வேலைதாம்லே" என்கிறார்.

நான் கறி தொடாதவன் என்று அவருக்கு ஒரு கார்டு போடு. எள்ளுப்பொடியும் கொஞ்சம் அனுப்பு. சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். அந்த வீட்டில் இப்போது என் முகத்தைப் பார்ப்பது வல்லூறு மட்டும்தான்.

வெள்ளத்துரை