அவரவர் நிரை

சித்திரை 11, செவ்வாய்.

வெயில். நேற்றைய மழையில் மண் இளகியிருக்கிறது, நடவுக்கு நல்லது. சோப்பு தீர்ந்து மூன்று மாதம். உப்பு ஒரு கைப்பிடி. இதை எழுதுவது பழைய ரப்பர் பால் நிறுவைச் சீட்டுகளின் பின்பக்கத்தில். வேறு காகிதம் ஏது.

காலை ஆள்கணக்கு, பிரட்டு, டோக்கியோ நேரப்படி. பேர் கூப்பிடும்போது இன்னும் இருட்டு, குரலை வைத்துத்தான் ஆளை அடையாளம். ஜப்பான் சக்கரவர்த்திக்காகக் கிழக்கே பார்த்துக் குனிந்துவிட்டு எட்டாம் நம்பர் காட்டுக்கு நாற்பது பேர். போன வருஷம் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்த காடு. அடிக்கட்டைகளுக்கு நடுவே லாலான் புல்லைக் கொத்தி எடுத்து மரவள்ளிக் குச்சி நட வேண்டும்.

ஜப்பான் துரை (இனி ஜ.து.) ஆபீஸுக்குக் கூப்பிட்டார். பதினைந்து நாள் கெடு. நட்டு முடியாவிட்டால் பத்துப் பேர் சயாம் ரயில் வேலைக்கு. பெயர்களைக் கணக்கு எழுதுகிற கிராணி நான்தான் எழுதித் தர வேண்டுமாம். இந்தத் தோட்டத்திலிருந்து போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. மதியம் சோறு. சோறு என்ன சோறு, மரவள்ளிதான்.

சித்திரை 12, புதன்.

கடும் வெயில். வேலை வாங்குகிற மண்டோர் பிரம்போடு நிற்கிறார். அவர் முறை இதுதான்: நாற்பது பேரும் ஒரே வரிசையில் கொத்திக்கொண்டு போக வேண்டும், பின்தங்குகிற ஆளுக்கு அடி. முதல் நாட்களில் வீரனுக்குத்தான் விழுந்தது. பையனுக்குக் காய்ச்சலில் கால் வீங்கியிருக்கிறது.

ஒரு வாரமாகப் பிரம்பு. வேலை ஒரு முழம் கூடவில்லை. ஏன் என்று இன்றுதான் பார்த்தேன். மேட்டில் நின்றால் வரிசை நூல் பிடித்த மாதிரி நேர். முன்னால் போகிற பெண்கள் ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள், நிற்கிறார்கள், மண்வெட்டிக் காம்பைச் சரிசெய்கிற மாதிரி தட்டுகிறார்கள். வீரன் வந்து சேர்ந்ததும் நகர்கிறார்கள். பக்கத்தில் கொத்திக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் மெல்லக் கேட்டேன். தலை நிமிராமலே, "கடைசி ஆளுன்னு ஒருத்தன் இருந்தாத்தானே ஐயா அடிப்பாரு" என்றாள்.

நாற்பது பேரும் வீரனின் வேகத்தில். யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் இந்த வேகத்தில் ஒரு மாதமானாலும் காடு முடியாது. பத்துப் பேர் போவார்கள்.

சித்திரை 13, வியாழன்.

மண்டோருக்கு மலேரியா. நடுக்கம், உளறல். கொய்னா மருந்து கிடையாது.

பிரம்பு பிடிக்க ஆள் பார் என்றார் ஜ.து. நாலு ஆண்களைக் கேட்டேன். ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு விரதம். கடைசியில் ராசம்மா தானே வந்து நின்றாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுக்காரி, வயது நாற்பது இருக்கும். புருஷன் முதல் லாரியில் சயாமுக்குப் போனவர், சேதி இல்லை.

"அதக் குடுங்க கிராணி ஐயா."

கொடுத்தேன். அவள் அதைத் தரையில் படுக்க வைத்தாள். "குச்சிக்குக் குச்சி இவ்ளோ தூரம். எல்லாரும் பாத்துக்குங்க." பிரம்பு அளவுகோல் ஆகிவிட்டது.

அப்புறம் சொன்னாள்: "பால் வெட்டுனப்ப யாருக்கு எந்த நிரையோ, இப்பவும் அதே நிரை. அன்னன்னிக்கு அளவ முடிச்சவங்க வீட்டுக்குப் போங்க லா."

நிரை என்றால் ஒரு ஆளுக்கு விட்ட மர வரிசை. வருஷக்கணக்காக அவரவர் வெட்டியது. அடுத்தவர் நிரையில் கத்தி வைப்பது இங்கே பெரிய அவமரியாதை. மரம் போனதும் நிரையும் போயிற்று என்று நினைத்திருந்தேன். பெண்கள் கட்டைகளைப் பார்த்ததும் விறுவிறுவென்று தங்கள் இடத்துக்கு நடந்தார்கள். ஒருத்திகூடத் தடுமாறவில்லை.

சித்திரை 14, வெள்ளி.

மாலை மழை.

என்னவென்று எழுத. எந்தக் கட்டையின் வேர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே செவ்வெறும்புப் புற்று, எங்கே தண்ணீர் நிற்கும், எல்லாம் அவர்களுக்குப் பாடம். மண்வெட்டி ஒரு இடத்திலும் வேரில் மோதவில்லை. "இவதான் ரெண்டு கோப்பை பால் குடுத்தவ" என்று ஒரு கட்டையைத் தொட்டுவிட்டுப் போனாள் ஒருத்தி. அதே நாற்பது பேர், அதே பட்டினி. வேலை மூன்று மடங்கு.

வீரனிடம் ராசம்மா: "மெதுவா செய் தம்பி. உன் நிரைதான, ஓடியா போயிரும்." அவனும் முடித்தான். யாரும் அவனுக்காக நிற்க வேண்டியிருக்கவில்லை.

இருபது வருஷம் பிரட்டில் பேர் கூப்பிட்டவன் நான். எனக்கு இது தோன்றவில்லையே.

கொல்லையில் கீரை விதை போட வேண்டும். சட்டைக்குச் சாக்குத் துணி கேட்க.

சித்திரை 17, திங்கள்.

என் வாயை என்ன செய்வது.

எப்போது முடியும் என்று ஜ.து. கேட்டதும் பெருமை தாங்காமல், பத்தொன்பதாம் தேதியே முடிந்துவிடும், ஒரு வாரம் மிச்சம் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் சிரித்தார். சுங்கைப் பட்டாணிப் பெரிய ஆபீஸுக்குத் தகவல் அனுப்பினார், பத்தொன்பது மதியம் பெரிய துரை பார்வையிட வருகிறாராம். பிறகு என் தாளை விரலால் தட்டி மலாயில், "லெபே. செபுலு ஓராங் லெபே." பத்துப் பேர் அதிகப்படி. இவ்வளவு சீக்கிரம் முடிகிறதென்றால் இத்தனை ஆள் எதற்கு? சயாமுக்குப் பத்துப் பெயர். பத்தொன்பதுக்குள்.

முடிக்காவிட்டாலும் பத்து. முடித்தாலும் பத்து.

சித்திரை 18, செவ்வாய்.

மேகமூட்டம். பட்டியல் எழுதிவிட்டேன். முதல் பெயர் வீரன். வேலைக்கு ஆகாதவன் என்று மனசுக்குள் சமாதானம். வெட்கமாக இருக்கிறது.

ராசம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் முகம் இறுகிவிட்டது. "ஒங்கள யாரு ஐயா நெசத்தையெல்லாம் எழுதச் சொன்னா? அன்னன்னிக்குக் கொஞ்சம் கையில வச்சிருந்துருப்பேன்ல?" பட்டியலை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"பெரிய துரை எத்தன மணிக்கு வர்றாரு?"

மதியம் என்றேன்.

"அப்ப நாளைக்கு இந்தப் பத்துப் பேரும் லயத்து வீட்டுலயே இருக்கட்டும். துரைதான் வேணாம்னுட்டாரே."

சித்திரை 19, புதன்.

நல்ல வெயில்.

பிரட்டில் முப்பது பேர். காலை பாதியிலேயே அவரவர் நிரை முடித்து, முனையில் மண்வெட்டியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நட்ட நிலத்துக்கு நடுவே, வராத பத்துப் பேரின் கடைசி நாள் பங்கு மட்டும் பத்துக் கீற்று லாலான் புல், இடுப்பளவு. ஜ.து. வந்தார். பார்த்தார். ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள்?

ராசம்மா எழுந்து சொன்னதை நான் மலாயில் சொன்னேன்: "அது சயாமுக்குப் போறவங்க நிரை. அடுத்தவங்க நிரையில கை வைக்கிறது எங்க வழக்கம் இல்ல."

அறை எனக்கு விழுந்தது. மொழிபெயர்த்தவன் கன்னம்தானே பக்கத்தில். கத்தினார். முப்பது பேரில் ஒருவர்கூட எழவில்லை. ராசம்மா குரலை உயர்த்தவே இல்லை. "அவங்களக் கூப்புடுங்க. பெரிய துரை வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்."

ஜ.து. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். திரும்பவும் கடிகாரம். "பங்கில்" என்றார். கூப்பிடு.

பத்துப் பேரும் ஓடி வந்தார்கள். வீரன் நொண்டிக்கொண்டே. கார் சத்தம் கேட்கும்போது அவன் கடைசிக் குச்சியை ஊன்றிக்கொண்டிருந்தான்.

பெரிய துரை தலையசைத்துவிட்டுப் போனார். ஜ.து. என்னிடம், அடுத்தது ஏழாம் காடு, இதே ஆட்கள் என்றார். "செமுவா?" என்று கேட்டேன். "செமுவா." எல்லாரும். சயாம் பேச்சை எடுக்கவில்லை. பேர் எழுது என்றார். காகிதம் இல்லை. இன்னும் கொடுக்காமல் சட்டைப் பையில் வைத்திருந்த பத்துப் பேர் பட்டியலைத் திருப்பி, பின்பக்கத்தில் நாற்பது பேரையும் எழுதினேன். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்.

ராசம்மாவைப் பார்த்தேன். அவள் பிரம்பில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் என்று எழுதியிருக்கிறேன். பத்து நாள் வேலை.