இரட்டை சீட்

லெயார்கோ,

உன் பழைய டுகாட்டி பைக்குக்கு முப்பதாயிரம் யூரோ தருவதாக ரிமினிக்காரர் மறுபடியும் போன் செய்தார். "அவளுக்கு விலையே கிடையாதுங்க" என்று நேற்று அவரிடம் நீ உருகியது என் காதிலும் விழுந்தது. என்னைப் பற்றி நீ யாரிடமும் அப்படி உருகியதில்லை.

லசான்யா ஃபிரிட்ஜில் இருக்கிறது. ஆறினதையே சாப்பிடு. பேரிங் மாட்டுவதற்காக அன்றைக்கு நீ எஞ்சின் கூட்டை என் அடுப்பில் வைத்துச் சூடுபண்ணியதிலிருந்து அடுப்பெல்லாம் எண்ணெய் நாற்றம்.

அதைக்கூடப் பொறுத்தேன். ஆனால் அவளைக் கம்பெனியிலிருந்து வந்த அசல்படி ஆக்குகிறேன் என்று, எனக்காகப் போட்ட இரட்டை சீட்டைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டாய். உன் இடுப்பைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குச் சரியென்று நான் சொன்னது அந்த சீட்டில்தான்.

அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

ஓர்னெல்லா

பி.கு. சீட்டையும் எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். ஸ்பானரோடு அவளை ஓட்டிக்கொண்டு வந்தாயானால் சீட்டை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் திரும்பலாம். இந்த மாதம் நாலு ஞாயிறும் அவளுக்கே போயின, எனக்கு ஒன்றுமில்லை. நாலும் உன் பேரில் பாக்கி.